உருக்கிய பிறகு மிச்சம் எங்கே போகிறது?

நான் பார்த்த முதல் உருக்காலை எங்கள் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் இருந்தது. மூன்று கல், ஒரு பழைய இரும்புச் சட்டி, அடியில் சீமைக்கருவேலங்கரி. வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட கரை அது. வலைக்கு ஈயக்குண்டு தீர்ந்துவிட்டால் சித்தப்பா கடைக்குப் போகமாட்டார், காயலான் கடையில் செத்துப்போன டிராக்டர் பேட்டரி ஒன்றை எடைக்கு வாங்கிவந்து, கோடாலியின் பின்பக்கத்தால் உடைத்து, உள்ளே இருக்கிற தகடுகளை உருக்கி அவரே வார்த்துவிடுவார். பேட்டரித் தண்ணீர் பனைமரத்தடிக்குப் போகும். தகடு உருகியதும் மேலே பாலாடை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று படரும், அதைக் கரண்டியால் வழித்து வேலியோரம் எறிவார். வழித்த இடத்துக்குக் கீழே கண்ணாடி போல ஈயம் பளபளவென்று கிடக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

"டேய், காத்து வர்ற பக்கமா வந்து நில்லுடா, புகை மேல படப்போகுது" என்பார். நான் இந்தப் பக்கம் வந்து நிற்பேன். புகை அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் சித்தி கருவாடு காயப் போட்டிருப்பார்.

உலோகம் உருக்குவதையும் அதனால் வரும் மாசையும் பற்றி எத்தனையோ படித்த பிறகும், எனக்கு அந்தக் கொல்லைதான் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் பெரிய ஆலையில் நடப்பது அத்தனையும் அங்கே சின்னதாக நடந்தது. திரவக் கழிவு பனைமரத்தடிக்கு, திடக் கழிவு வேலியோரத்துக்கு, புகை காற்று போகிற பக்கத்துக்கு, உலோகம் மட்டும் நம் கைக்கு. தாதுவைப் பிரித்துத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறெங்காவது அனுப்புவதுதான் உருக்குதல். இந்தத் தொழிலின் பல ஆயிரம் வருஷக் கதையையும் 'மிச்சம் எங்கே போனது' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்துவிடலாம்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பே போதும், அதனால்தான் இது கொல்லைத் தொழிலாக இருக்க முடிகிறது. புகையை விட மோசம் அந்தத் தகட்டில் அப்பியிருக்கும் பசை. ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் கலந்த தூள் அது, காய்ந்தால் பறக்கும், கையில் ஒட்டும், சோற்றோடு வயிற்றுக்குள் போகும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் 'இந்த அளவு பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நாங்களோ தூண்டில் கயிற்றில் சின்னக் குண்டைப் பல்லால் கடித்து நசுக்கித்தான் மாட்டுவோம். சரி, அது அந்தக் காலம் என்று சொல்லலாம் என்றால், போன வருஷம் ஊருக்குப் போனபோது ஒரு பையன் அதையே செய்துகொண்டிருந்தான்.

கரியை வைத்தே அடுத்ததுக்குப் போகலாம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போனவர்களுக்குக் கரிமூட்டம் தெரியும். கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் கனியவிடுவார்கள். உலோகத் தொழில் பிறந்ததே இந்தக் கரியால்தான். கரி சூட்டையும் தரும், தாதுவில் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு வேண்டும், ஒரு கிலோ இரும்புக்குப் பல கிலோ கரி வேண்டும், ஆகவே முதலில் அழிந்தது காடு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொழிற்சாலை அளவில் இரும்பு உருக்கிய முதல் இடம் பரங்கிப்பேட்டை, 1830 வாக்கில் ஹீத் என்ற கம்பெனி ஆள் தொடங்கியது. சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து கரியால் உருக்கினார்கள். அது நொடித்துப்போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் கரிக்கு மரம் கிடைக்காமல் போனதும் ஒன்று. கடற்கரையில் ஆலை, மலையில் தாது, வேறெங்கோ காடு என்று தொழிலின் கைகள் அப்போதே நீள ஆரம்பித்துவிட்டன.

அதற்கும் முன்னால் போனால் நம் வைகை முகத்துவாரத்துக்கே வரவேண்டியிருக்கும். அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. அந்தக் காலத்து ரோமானியச் சுரங்கங்களும் உலைகளும் கக்கிய ஈயப் புகையும் செம்புப் புகையும் கிரீன்லாந்து பனிக்கட்டிக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதை 1990-களில் பனியைத் துளையிட்டு எடுத்து அளந்தார்கள். காசு கிழக்கே நம் ஊருக்கு வந்தது, புகை வடக்கே துருவத்துக்குப் போனது. காற்று மறப்பதில்லை என்று கவிதையாகச் சொல்லத் தோன்றும், விட்டுவிடுவோம், கணக்குக்கு வருவோம்.

செம்புக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உலகத்தில் கிடைக்கும் செம்புத் தாதுவில் பெரும்பகுதி கந்தகத்தோடும் இரும்போடும் பிணைந்து கிடப்பது. சுரங்கத்து வாயிலிலேயே பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் நுரைக்க வைத்து, நுரையோடு மேலே வரும் தாதுவை வழித்தெடுத்துவிடுவார்கள். இப்படிச் செறிவாக்கிய தாதுதான் கப்பலில் வரும் கறுப்புத் தூள். அதில் நூறு கிலோவை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 28 கிலோ செம்பு, 30 கிலோ கந்தகம், 28 கிலோ இரும்பு, மீதி மணல், சுண்ணாம்பு, அப்புறம் கொஞ்சமாக ஆர்சனிக், ஈயம், துத்தநாகம், காட்மியம், பிஸ்மத், அதிர்ஷ்டம் இருந்தால் தங்கமும் வெள்ளியும்.

இதை 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆக்சிஜனை ஊதினால் கந்தகம் எரிந்து வாயுவாகப் போகும். இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, நாம் போடும் மணலோடு சேர்ந்து கண்ணாடிக் குழம்பாக மிதக்கும். அதுதான் கசடு, தூத்துக்குடிக்காரர்கள் ஸ்லாக் என்றே சொல்வார்கள். அடியில் தங்குவது இன்னும் கந்தகம் ஒட்டியிருக்கும் செம்பு. அதில் இன்னொரு தடவை காற்றை ஊதி மிச்சக் கந்தகத்தையும் எடுத்தால் 98, 99 சதவீதச் செம்பு வரும், உறையும்போது வாயு வெளியேறி மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். பிறகு தகடாக வார்த்து, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் 99.99 சதவீதம். தொட்டியின் அடியில் படியும் சேற்றில் தங்கம், வெள்ளி, செலினியம் எல்லாம் கிடைக்கும். அந்தச் சேற்றை மட்டும் ஒரு துளி சிந்தாமல் அள்ளிக்கொள்வார்கள்!

இப்போது அந்த 30 கிலோ கந்தகம். எரிந்தால் 60 கிலோ கந்தக டை ஆக்சைடு, தொண்டையைப் பிடிக்கும், பயிரைக் கருக்கும் வாயு. அதை வெனேடியம் வினையூக்கி வழியே விட்டு, மேலும் ஆக்சிஜன் ஏற்றி, தண்ணீர் சேர்த்தால் 92 கிலோ கந்தக அமிலம். நூறு கிலோ தூள் உள்ளே போனால் செம்பு 28 கிலோ, அமிலம் 92 கிலோ. பெயரில்தான் செம்பு ஆலை, எடையில் பார்த்தால் அது அமில ஆலை. கசடும் ஏறக்குறைய 60 கிலோ வரும்.

இவ்வளவு அமிலத்தை என்ன செய்வது? ராக் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து அதில் ஊற்றினால் உரத்துக்கான பாஸ்பாரிக் அமிலம் கிடைக்கும். ஒரு டன் பாஸ்பாரிக் அமிலத்துக்கு அஞ்சு டன் அளவுக்கு ஜிப்சம் மிஞ்சும், அதில் ஃப்ளோரைடும் பாறையில் இருந்த யுரேனியம், ரேடியத்தின் துளிகளும் சேர்ந்தே இருக்கும். வாயு மிச்சமாக இருந்தது அமிலமானது, அமிலத்தின் மிச்சம் ஜிப்ச மலையானது. உருவம் மாறுகிறதே தவிர ஒன்றும் காணாமல் போகவில்லை.

ஆர்சனிக்கையும் பார்த்துவிடலாம். அது உலைச் சூட்டில் ஆவியாகும், தூசியோடு சேரும், வாயுவைக் கழுவும் தண்ணீரில் கரையும். தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, வருஷத்துக்கு நாலு லட்சம் டன் செம்பு எடுக்கும் ஆலைக்கு 14 லட்சம் டன் தூள் வேண்டும், அப்படியென்றால் 1,400 டன் ஆர்சனிக் வாசலுக்குள் வருகிறது. அது எங்கே போனது என்று டன் டன்னாகக் கணக்குக் காட்ட வேண்டும். 'புகைபோக்கி முனையில் அளந்தோம், அளவு சரியாக இருக்கிறது' என்று ஆலை சொன்னால் பாதிக் கேள்விக்குத்தான் பதில்.

நாலு லட்சம் டன் என்று நான் சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடியில் 2018 வரை ஓடிய ஸ்டெர்லைட் செம்பு ஆலையின் கொள்ளளவு அது. எங்கள் கீழக்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆலை ஏன் அங்கே வந்தது? தமிழ்நாட்டில் செம்புச் சுரங்கம் கிடையாது. இந்தியாவின் செம்பு ராஜஸ்தானில் கேத்ரியிலும், மத்தியப் பிரதேசத்தில் மலாஞ்ச்கண்டிலும், ஜார்கண்டில் சிங்பூமிலும் இருக்கிறது, அதுவும் நம் தேவைக்குப் போதாது. தூள் சிலியிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது, ராக் பாஸ்பேட்டும் கப்பலில் வருகிறது, ஆகவே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆலை. குஜராத்தில் தஹேஜ், இப்போது முந்த்ரா, எல்லாமே கடலோரம்தான். சுரங்கம் இருக்கும் ஊர் தன் பாறைக் கழிவை வைத்துக்கொள்கிறது, கந்தகத்தையும் ஆர்சனிக்கையும் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறது. கடற்கரைக்காரன் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.

ஆலை முதலில் மகாராஷ்டிராவில் ரத்னகிரிக்குத்தான் போனது. அல்போன்சா மாம்பழம் விளையும் இடம், 1993-இல் மக்கள் எதிர்த்தார்கள், வேலை நின்றது. 1994-இல் தூத்துக்குடியில் அடிக்கல். அந்த ஊர் வேண்டாமென்றதை இந்த ஊர் வாங்கிக்கொண்டது, சித்தப்பா பாஷையில் சொன்னால் காற்று திரும்பிவிட்டது. 1994-இல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குக் கொடுத்த தடையில்லாச் சான்றில் ஒரு நிபந்தனை இருந்தது: மன்னார் வளைகுடாவின் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஆலை இருக்க வேண்டும். வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி நாலுமே 25 கிலோமீட்டருக்குள் வருகின்றன என்று பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அந்த நாலில் விலாங்குச்சல்லி இன்றைக்குத் தண்ணீருக்கு மேலே இல்லை. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில் அது கடலுக்குள் போய்விட்டது. அதைச் செய்தது ஆலை இல்லை, கரையில் இருந்த நாம்தான்.

வழக்கின் வரலாறு நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013 மார்ச் 23 விடியற்காலை வாயுக்கசிவு என்று ஊரே இருமியது, சில நாளில் ஆலையை மூட உத்தரவு வந்தது. அடுத்த மாதமே 2010 தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மாசுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் மறுபடி திறக்கவிட்டது. 2018-இல் இன்னொரு நாலு லட்சம் டன் விரிவாக்கம் என்றதும் போராட்டம் வெடித்தது, நூறாவது நாளான மே 22-ஆம் தேதியும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். 28-ஆம் தேதி அரசு நிரந்தரமாக மூடியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது 2018 ஏப்ரல் 9-ஆம் தேதி மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்கள். சுற்றுவட்டார நிலத்தடி நீரின் பரிசோதனை அறிக்கையைத் தரவில்லை, உப்பாற்றுக் கரையில் கொட்டிய செம்புக் கசடை அகற்றவில்லை, அபாயக் கழிவுக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை, காற்றில் ஆர்சனிக்கை அளக்கவில்லை, ஜிப்சத்துக்கான குட்டையைச் சொன்னபடி கட்டவில்லை. அஞ்சையும் மேலே சொன்ன கணக்கோடு ஒட்டவைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மிச்சத்தின் பெயர். செம்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அதற்கு பில் இருக்கிறது.

கசடைப் பற்றி ஒரு வார்த்தை. அது கண்ணாடி மாதிரிப் பொருள், உள்ளே இருக்கும் உலோகம் லேசில் கரையாது, சிமெண்டிலும் சாலையிலும் போடலாம் என்று ஆலைத் தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது, பல நாடுகளில் போடவும் செய்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கான டன்னை ஆற்றுக்கரைப் பட்டா நிலத்தில் பள்ளம் நிரப்பக் கொட்டிவிட்டு, வெள்ளம் வந்து அடைத்துக்கொண்ட பிறகு, 'கெடுதல் இல்லாத பொருள்தானே' என்பது வேறு விஷயம். எதையும் எங்கே கொட்டுகிறோம் என்பதில் பாதி நஞ்சு இருக்கிறது.

தள்ளிவைக்கும் இந்தப் புத்தி ஒன்றும் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துச் செம்பில் பெரும்பங்கு வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் உருகியது. அங்கேயும் தாது கிடையாது, கியூபா, சிலியிலிருந்து கப்பலில் வந்தது. 'செம்புப் புகை'யால் பயிரும் மாடும் போகிறதென்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், புகையைத் தடுக்க வழி சொல்பவருக்குப் பரிசு என்று 1820-களிலேயே அறிவித்துப் பார்த்தார்கள். உலைகள் அணைந்து வெகுகாலம் கழித்து, 1961-இல்தான் அந்தப் பள்ளத்தாக்கின் மொட்டை மண்ணில் மறுபடி புல் வளர்க்கும் வேலை தொடங்கியது. கனடாவில் சட்பரியில் ஊரைச் சுற்றிக் காடு கருகியதும் 1972-இல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். ஊரில் காற்று நன்றாகத்தான் ஆனது. கந்தகம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் ஏரிகளில் அமில மழையாக இறங்கியது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த, அதாவது பயமுறுத்துகிற கதை ஜப்பானுடையது, ஏனென்றால் அதில் தீவு இருக்கிறது. ஷிகோகுவில் பெஷ்ஷி என்று ஒரு செம்புச் சுரங்கம், 1691-இல் திறந்தது, சுமிட்டோமோ குடும்பத்துடையது. உலையைக் கடற்கரையில் நீஹாமா என்ற ஊரில் வைத்திருந்தார்கள். புகையில் நெல்லும் கோதுமையும் கருக, விவசாயிகள் திரண்டார்கள். கம்பெனி நல்ல மனசோடுதான் யோசித்தது: ஆள் இல்லாத தீவுக்குக் கொண்டுபோய்விட்டால்? கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஷிசாகா தீவுகளை வாங்கி, ஏராளமாகச் செலவழித்து, 1905-இல் உலை அங்கே எரிய ஆரம்பித்தது. கடலைத் தாண்டிப் புகை கரைந்துபோகும் என்பது கணக்கு. கடல்காற்று அந்தக் கணக்கைக் கேட்கவில்லை, புகையைப் பரப்பிக்கொண்டுபோய் முன்பை விடப் பல மடங்கு பெரிய பரப்பில் வயல்களின் மேல் இறக்கியது. முன்னே ஒரு ஊர் சண்டைக்கு வந்தது, இப்போது மாவட்டமே வந்தது. நஷ்டஈடு, உருக்கும் அளவுக்கு வரம்பு, பயிர் பூக்கும் நாளில் உலையைக் குறைப்பது என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வாயுவை முழுசாகப் பிடித்து நடுநிலையாக்கும் ஆலை வந்து தொல்லை தீர்ந்தது 1939-இல். முப்பத்துநாலு வருஷம். தீவுக்கு ஓடாமல் முதலிலேயே வாயுவைப் பிடிக்கும் வழியைத் தேடியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் கடலும் தீவுக்கடல்தான். இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986-இல் கடல் தேசியப் பூங்கா, 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம். 'கடல் பெருசு, எதைக் கொட்டினாலும் கரைஞ்சிரும்' என்பது கரையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. தீவுகளைச் சுற்றி உள்ள நம் கடல் அப்படியொன்றும் ஆழமில்லை. பாக் விரிகுடாவில் பல இடத்தில் பதினைந்து மீட்டர் தாண்டாது. சோழகம் என்கிற தென்காற்று வீசும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஒரு பக்கம் ஓடும், வாடை வந்தால் திரும்பி ஓடும், இதை எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை. தெற்கே விழுந்தது தெற்கேயே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

செம்பு கடலில் என்ன செய்யும் என்பது கப்பல்காரர்களுக்கு இருநூற்றைம்பது வருஷமாகத் தெரியும். மரக்கப்பலின் அடியைப் புழு அரிக்காமலும் சிப்பி ஒட்டாமலும் இருக்கச் செம்புத் தகடு அடித்தார்கள், பிரிட்டிஷ் கடற்படை 1760-களில் தொடங்கியது, ஸ்வான்சி உலைகள் கொழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் போட்டுக்கு அடியில் அடிக்கிற பெயிண்டில் செம்பு இருக்கிறது. ஒட்டவருகிற சிப்பிக் குஞ்சைக் கொல்வதுதான் அதன் வேலை. அப்படியானால் முத்துச்சிப்பிப் பாரும் பவளப்பாறையும் நிறைந்த கடலில் கரைந்த செம்பு கூடினால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருந்தாலே பவளத்தின் முட்டை கருவுறுவது தடுமாறுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

சிப்பிக்கு இன்னொரு குணம், வடிகட்டி வடிகட்டித் தின்பதால் தண்ணீரில் இருக்கும் உலோகத்தை உடம்பில் சேர்த்துவைக்கும். 1986-இல் தைவானின் தென்மேற்குக் கரையில் வளர்ப்புச் சிப்பிகள் பச்சையாகிவிட்டன, அத்தனையும் செம்பு. அதற்குப் பெரிய ஆலை காரணமில்லை. எர்ரென் ஆற்றோரத்தில் பழைய ஒயரையும் மின்சாரக் குப்பையையும் அமிலத்தில் கழுவி உலோகம் எடுத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பட்டறைகள்.

கணவாயும் அப்படித்தான், காட்மியத்தைத் தன் ஈரலில் சேர்க்கும். இது கணவாய்க்கு இயற்கையிலேயே உள்ளது, சுத்தமான கடலிலும் சேர்க்கும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, தாண்டினால் சரக்கு திரும்பிவிடும். வீட்டில் கணவாய் கழுவும்போது மைப்பையோடு குடலையும் ஈரலையும் பிதுக்கி எறிகிறோமே, அதில்தான் பெரும்பங்கு போகிறது, பெரியவர்கள் எதற்காகச் சொன்னார்களோ, நல்லதாகப் போயிற்று. ஆனால் இயற்கையாகவே வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு உயிரின் கடலில் இன்னும் கொஞ்சம் காட்மியம் சேர்ந்தால், அடி முதலில் விழுவது மீன் விலையில்.

பாசியும் ஒரு கணக்குப் புத்தகம். மண்டபம், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கி எடுக்கிற மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகள் எங்கெங்கோ போகின்றன. கட்டக்கோரையில் ஆல்ஜினேட் என்று வழவழப்பான ஒரு பொருள் இருக்கிறது, ஐஸ்கிரீமில்கூடப் போடுவார்கள். ஈயம், செம்பு மாதிரி உலோகங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கழிவுநீரைச் சுத்தப்படுத்தக்கூட அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். கடலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரை ஒரு நாள் பாட்டிலில் பிடிப்பதை விட, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற பாசியைக் கேட்பது மேல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக் கடலில் இருக்கிற உலோகம் எல்லாம் ஒரே ஆலையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல், துறைமுகம், சாக்கடை, பெயிண்ட் எல்லாம் சேர்ந்ததுதான் அது. எங்கள் பக்கமும் சும்மா இல்லை. வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள். ஒரு கப்பலின் அடிப்பாகத்தில் எத்தனை தட்டு பெயிண்ட் இருக்கும், அதை கேஸ் கட்டர் வைத்து அறுத்தால் ஈயமும் செம்பும் எந்த மணலுக்குப் போகும் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. வேலை கிடைத்தது, அது பெரிய விஷயமாக இருந்தது, இன்றைக்கும் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்த வாதம்: செம்பு வேண்டாமா? வேண்டும். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்திலிருந்து ஒரு யூனிட் வெளியே போக வேண்டுமென்றால் செம்பு வேண்டும், நம் போட்டு மோட்டாரின் சுருளுக்கும் வேண்டும். தூத்துக்குடி ஆலை மூடிய பிறகு, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. அந்தச் செம்பு வேறெங்கோ உருகுகிறது, அங்கேயும் யாரோ காற்று போகிற பக்கத்தில் இருக்கிறார்கள். 2024-இல் முந்த்ராவில் வருஷத்துக்கு அஞ்சு லட்சம் டன் அளவுக்கு ஒரு புது ஆலை தொடங்கியது, அதுவும் கட்ச் வளைகுடாவின் கரை, அங்கேயும் பவளம் இருக்கிறது, அங்கேயும் மீனவர்கள் இருக்கிறார்கள். பழைய செம்பை மறுபடி உருக்குவதில் இந்தக் கந்தகத் தொல்லை இல்லை, தாதுவிலிருந்து எடுப்பதை விடச் செலவாகும் சக்தியும் மிகக் குறைவு. ஆனால் அதையும் தைவான் பட்டறை மாதிரிச் செய்தால் சிப்பி பச்சையாகும். ஆலை வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் போடுவதற்கு முன்னால், உள்ளே வந்த ஒவ்வொரு டன்னும் எந்த உருவத்தில் எந்த வாசலால் வெளியே போனது என்ற பட்டியலைக் கேட்கலாம். ஒரு மளிகைக் கடைக்காரர் வருஷக் கடைசியில் எடுக்கிற இருப்புக் கணக்குதான் அது.

சித்தப்பா இப்போது ஈயம் உருக்குவதில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, கருவேலங்கரியும் விலையேறிவிட்டது. குண்டு ரெடிமேடாக வருகிறது, இராமநாதபுரத்தில் வலைக் கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம், ஒரே அளவாக, துளை நேராக, சித்தப்பா வார்த்ததை விட அழகாக இருக்கும். எங்கே செய்கிறார்கள் என்று போன மாதம் கடைக்காரரைக் கேட்டேன். "வெளியூர்லருந்து வருதுண்ணே" என்றார். எந்த ஊர் என்றேன். சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் எழுதியிருக்கவில்லை.